கைக்கு எட்டிய கிண்ணம்

எப்போதும் தோற்கும் அணிக்கு ரசிகராக இருப்பது கடினமன்று. அதனிடம் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை. எப்போதும் வெல்லும் அணிக்கு ரசிகராக இருப்பதோ அதனினும் எளிது. இவ்விரண்டிற்கும் இடையே, வெற்றியின் வாயில்வரை சென்று, கதவைத் தட்டி, உள்ளே விளக்கு எரிவதையும் கண்ணாரக் கண்டு, பின்னர் வெறுங்கையுடன் திரும்பும் அணி ஒன்று இருக்குமானால், அதன் ரசிகர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மேயோ மாவட்டத்து மக்கள் அந்தப் பாட்டைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பட்டு வருகின்றனர்.

மேயோ, அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நிற்கும் மாவட்டம். சதுப்பும் கல்லும் மிகுந்த மண், ஓயாத மழை. 1840களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 389,000 பேர் வாழ்ந்த இடத்தில், 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி வாழ்ந்தோர் ஏறத்தாழ 138,000 பேரே. பஞ்சம் கொண்டு சென்றவர் போக, கப்பல் கொண்டு சென்றவர் பலர். நிலக்கிழார்களின் கொடுமையை எதிர்த்து உழவர்கள் நிலச் சங்கம் கண்டதும் இம்மாவட்டத்தின் தலைமை நகரான காசல்பாரில்தான், ஆண்டு 1879. அடுத்த ஆண்டில், நிலக்கிழார் ஒருவரின் முகவராக இருந்த கேப்டன் பாய்காட் என்பாருக்கு அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சரக்கு இல்லை, வழியில் பேசுவார் இல்லை என்னும் நிலையை ஊரார் ஒன்றுகூடி உண்டாக்கினர். அவருடைய பெயரே ‘பாய்காட்’ என்னும் சொல்லாகி உலகமெங்கும் பரவிற்று. வேண்டாதவரை ஒதுக்கிவைக்கும் கலையை உலகுக்குக் கற்பித்த இம்மக்களுக்குத் தம் காற்பந்து அணியை ஒதுக்கிவைக்க மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அவர்கள் ஆடுவது உலகக் கிண்ணப் போட்டிகளில் காணும் காற்பந்து அன்று, கேலிக் காற்பந்து. அயர்லாந்தின் பழைய இனத்தையும் மொழியையும் குறிக்கும் சொல் அது. தமிழில் எழுதும்போது ‘கேலி’ என்று தொடங்குவது தற்செயலே. ஆயினும் மேயோ ரசிகர் எவரேனும் தமிழ் அறிந்திருந்தால் சற்று முகம் சுளிப்பார். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் காலால் உதைக்கலாம்; கையிலும் பற்றலாம். ஆனால் பற்றிய பந்துடன் நான்கு அடிக்கு மேல் நடக்கலாகாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது கால் நுனியால் எற்றிக் கைக்கு மீட்க வேண்டும். பந்து குறுக்குக் கம்பத்திற்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் கோல். அதன் மதிப்பு மூன்று புள்ளிகள். (2025 முதல், கோலிலிருந்து நாற்பது மீட்டர் வளைவுக்கு அப்பாலிருந்து உதைத்து மேலே செலுத்தினால் இரண்டு புள்ளிகள் என்றும் விதி வந்துள்ளது.) ஆட்ட முடிவை 2-9 என்று எழுதினால், இரண்டு கோல், ஒன்பது புள்ளி, ஆகப் பதினைந்து என்று பொருள். மேயோவின் கதையைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு கணக்கு தேவைப்படும்.

இவ்வாட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தர்ல்ஸ் நகரில் ஒரு விடுதியில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியர். அச்சங்கத்தின் அடிப்படை நெறி ஒன்று இன்றளவும் நிலைத்திருக்கிறது: ஆடுவோருக்குச் சம்பளம் இல்லை. 82,000 பேர் அமரும் டப்ளின் குரோக் பார்க் அரங்கத்தில், நாடே பார்த்திருக்க இறுதியாட்டம் ஆடும் இளைஞர், மறுவாரம் தம் வகுப்பறைக்கோ, வயலுக்கோ, அலுவலகத்துக்கோ திரும்பிவிடுவார். அவர்களுள் ஆசிரியத் தொழில் புரிவோர் பலர். பணம் கொடுத்து வெளியூர் வீரரை வாங்கும் வழக்கமும் இல்லை. சிற்றூர்க் கழகத்தில் சிறுவனாகச் சேர்ந்து, அக்கழகத்திலேயே வளர்ந்து, தன் மாவட்டத்தின் சட்டையை அணிவதே வழி.

மேயோ ரசிகரின் மனக்குறையை மற்ற நாட்டு ரசிகரின் மனக்குறையிலிருந்து பிரித்து அறிய வேண்டிய இடம் இதுதான். ஊதியம் பெறும் ஆட்டத்தில் பார்வையாளர் ஒரு வாடிக்கையாளர். விலை கொடுத்து வாங்கிய பண்டம் கெட்டிருந்தால் கடைக்காரரைக் கடிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அப்பண்டம் வேண்டாமென்று வேறு கடைக்குப் போகும் உரிமையும் உண்டு. மேயோவில் அவ்விரண்டு உரிமைகளும் இல்லை. பந்தைத் தவறவிட்டவன் அடுத்த தெருவில் இருப்பவரின் மகன். அவன் ஐந்து வயதில் மழையில் நனைந்தபடி பந்தைத் துரத்தியதை ரசிகர் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் அவருடைய மனைவியாகவே இருக்கலாம். ஞாயிறு மாலை அவனை வாய்க்கு வந்தபடி ஏசியவர் திங்கட்கிழமை காலையில் தபால் நிலையத்தில் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரும். அப்போது என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசுவார். மேயோவில் மழைக்குக் குறைவில்லை என்பது நல்லதாய்ப் போயிற்று.

ஆகவே அங்கே ஏசுவதற்கும் ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் எதுவும் சொல்லலாம். காரில் திரும்பும் வழியில், உடன் வருவோர் எல்லாரும் மேயோக்காரராக இருந்தால், மேலும் கடுமையாகச் சொல்லலாம். டப்ளினிலிருந்து காசல்பாருக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர்; குறை சொல்வதற்குப் போதிய தொலைவு. ஆனால் வெளி மாவட்டத்தார் ஒருவர் அதே குறையை, அதே சொற்களில் எடுத்துரைத்தால் ரசிகர் நிமிர்ந்து உட்காருவார். “எங்கள் பையன்கள் வந்த தூரம் எத்தனை அணிகள் வந்தன?” என்று கேட்பார். பெற்ற தாய் தன் பிள்ளையை ஏசுவதும், அதே சொல்லை அண்டை வீட்டார் சொன்னால் சண்டைக்குப் போவதும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

அவர்களுடைய மனக்குறை என்ன என்பதை இனிச் சற்று விரிவாகவே காணலாம். மேயோ அணி அகில அயர்லாந்து வெற்றிக்குரிய சாம் மெகுவயர் கிண்ணத்தை மூன்று முறை வென்றது: 1936, 1950, 1951. அதன் பின்னர் 38 ஆண்டுகள் இறுதியாட்டத்தையே எட்டவில்லை. வியப்பு என்னவெனில், அந்த நீண்ட வறட்சியைப் பற்றி இன்று எவரும் அதிகம் புலம்புவதில்லை. 1989இல் அணி மீண்டும் இறுதியாட்டத்தில் கால் வைத்தது. கார்க் மாவட்டத்திடம் மூன்று புள்ளிகளில் தோற்றது. உறங்கியது விழித்துக்கொண்டது என்று மக்கள் மகிழ்ந்தனர். விழித்தது என்னவோ உண்மை. 1989 முதல் 2021 வரை பதினோர் ஆண்டுகளில் மேயோ இறுதியாட்டத்திற்குச் சென்றது. பதினொன்றிலும் தோற்றது.

முதல் பெரும் காயம் 1996. மீத் மாவட்டத்தை எதிர்த்து இரண்டாம் பாதியில் ஆறு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது மேயோ. அந்த இடைவெளி சிறிது சிறிதாகக் கரைந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் மீத் ஆட்டக்காரர் ஒருவர் தொலைவிலிருந்து பந்தை உயர உதைத்தார். கோல் முன்னிலையில் எவர் கையிலும் அகப்படாமல் அது தரையில் விழுந்தது. விழுந்த பந்து துள்ளி எழுந்து, குறுக்குக் கம்பத்தைத் தாண்டிச் சென்றது. ஆட்டம் சமன். மறு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரு அணியாரும் திரண்டு கைகலந்தனர். அணிக்கு ஒருவராக இருவரை நடுவர் வெளியேற்றினார். மேயோ இழந்தது தன் நடுத்திடல் தூணாகிய லியம் மெக்ஹேல் என்பவரை. இறுதியில் மீத் 2-9, மேயோ 1-11. ஒரே ஒரு புள்ளி. ஒரு பந்து துள்ளிய துள்ளலை முப்பது ஆண்டுகளாக ஓர் ஊர் நினைவில் வைத்திருக்கிறது என்றால், அதன் எடை என்னவென்று எண்ணிக்கொள்ளலாம்.

1997இலும் 2004இலும் கெரியிடம் தோல்வி. அவற்றை மேயோக்காரர் விரைவாகவே சொல்லிக் கடப்பர். கெரி இதுவரை 39 முறை கிண்ணம் வென்ற மாவட்டம்; அதனிடம் தோற்பதில் பெரிய வெட்கமில்லை. 2006 மட்டும் வேறு. அவ்வாண்டு அரையிறுதியில், டப்ளின் ரசிகர் திரண்டு நிற்கும் மேட்டுத் திண்ணையின் எதிரிலேயே சென்று மேயோ அணியினர் பயிற்சி செய்து, அவர்களைச் சீண்டி, பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, ஒரு புள்ளியில் வென்றனர். மேயோ ரசிகரின் நினைவில் அதைவிட இனிய மாலை குறைவு. அதே அணி இறுதியாட்டத்தில் கெரியின் முன்னே தொடக்க நிமிடங்களிலேயே நிலைகுலைந்தது: கெரி 4-15, மேயோ 3-5. பதின்மூன்று புள்ளி இடைவெளி. அரையிறுதியில் சிங்கமாக நின்றவர் இறுதியில் ஏன் இப்படி ஆயினர் என்னும் கேள்விக்கு அன்று விடை இல்லை. தம் அணியைப் பற்றி மேயோ மக்கள் நம்பிக்கை இழந்தது அன்றுதான் என்று சொன்னால் தவறாகாது. ஆயின் அவர்கள் அடுத்த ஆண்டும் சீட்டு வாங்கினர்.

பின்னர் வந்தது 2012 முதல் 2017 வரையிலான காலம். இதுதான் உண்மையில் நெஞ்சைப் பிழிந்த காலம். ஏனெனில் இக்காலத்து மேயோ அணி தரத்தில் எவருக்கும் குறைந்ததன்று. 2012இல் டோனிகால் அணிக்குத் தொடக்கத்திலேயே இரண்டு கோல்களைத் தாரை வார்த்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் கடனை அடைத்துக் கொண்டிருந்தது, அடைத்து முடியவில்லை. 2013இல் டப்ளினிடம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த இறுதி நொடிகளில் ஒரு தனி உதை கிடைத்தது. கோலுக்கு முயலாமல் அதைப் புள்ளியாக்கினர். இன்னும் நேரம் இருக்கிறது என்பது நம்பிக்கை. நேரம் இல்லை. 2-12க்கு 1-14, மீண்டும் ஒரு புள்ளி.

2016ஆம் ஆண்டுக் கணக்கைப் பள்ளி மாணவருக்குக் கொடுத்தால் தவறான வினா என்று திருப்பித் தருவர். முதல் ஆட்டத்தில் டப்ளின் 2-9, மேயோ 0-15. இரண்டும் பதினைந்து, ஆட்டம் சமன். ஆனால் டப்ளினின் அந்த இரண்டு கோல்களையும் அடித்தது டப்ளின் அன்று. இரண்டு முறையும் மேயோ ஆட்டக்காரர் மேல் பட்ட பந்தே மேயோவின் வலைக்குள் புகுந்தது. எதிரணி தன் முயற்சியால் எடுத்த புள்ளிகள் ஒன்பது, மேயோ எடுத்தவை பதினைந்து, முடிவு சமன்! மறு ஆட்டத்திற்கு, முன்னைய ஆட்டத்தில் நன்றாகக் காத்த கோல் காவலரை நிறுத்திவிட்டு வேறொருவரை இறக்கினர். அவர் கையிலிருந்து ஒரு பந்து நழுவ, அதைத் தடுக்க அவர் செய்த பிழைக்குப் பெனால்டி தரப்பட, அது கோலாயிற்று. 1-15க்கு 1-14. இறுதி நிமிடங்களில் சமன் செய்யக் கிடைத்த தனி உதை கம்பங்களுக்கு வெளியே சென்றது.

2017இல் நடந்தவற்றை மேயோ ரசிகர் விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். வெளியேற்றப்பட வேண்டிய பிழையை டப்ளின் ஆட்டக்காரர் ஒருவர் செய்த அதே நொடியில், மேயோ ஆட்டக்காரர் ஒருவர் ஆத்திரம் தாங்காது அவர்மேல் பாய்ந்தார். அவரும் வெளியே, இவரும் வெளியே. ஆள் கூடுதலாக இருந்து ஆடியிருக்க வேண்டிய வாய்ப்பு அப்படிப் போயிற்று. ஆட்டம் சமனாக இருந்தபோது மேயோவின் தனி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பின்னர் டப்ளினுக்கு ஒரு தனி உதை. டீன் ராக் ஓடிவந்து உதைக்கும் வேளையில், மேயோவின் லீ கீகன் தம் முதுகுப் பட்டையில் இருந்த ஓட்ட அளவுக் கருவியைப் பிடுங்கிப் பந்தை நோக்கி எறிந்தார்! அதற்கும் பந்து அசையவில்லை. டப்ளின் 1-17, மேயோ 1-16. அக்கருவியை எறிந்த செயல் முறையன்று. ஆசிரியர் எவரும் அதை மாணவருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லமாட்டார். ஆயினும் கையில் அகப்பட்டதை எல்லாம் எறிந்தேனும் தோல்வியைத் தடுக்க முனைந்த அந்தக் கையை மேயோ மக்கள் வெறுக்கவில்லை. அயர்லாந்தின் ஆண்டுச் சிறந்த காற்பந்து வீரர் என்னும் விருது 2016இல் கீகனுக்கும், 2017இல் மேயோவின் ஆண்டி மோரனுக்கும் கிடைத்தது. நாட்டின் சிறந்த வீரர் இருவரும் தோற்ற அணியில் இருந்தனர்.

1996 மறு ஆட்டம், 2013, 2016 மறு ஆட்டம், 2017. நான்கு இறுதியாட்டங்கள், நான்கிலும் சேர்த்து நான்கே புள்ளிகள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பர். இங்கே உதட்டிலும் பட்டுவிட்டது.

இவ்வளவு துன்பத்திற்கும் காரணம் கூற ஒரு கதை உண்டு. 1951இல் கிண்ணத்துடன் திரும்பிய அணியினர் ஃபாக்ஸ்ஃபோர்டு என்னும் ஊர் வழியே ஆரவாரத்துடன் வந்தனராம். எதிரே ஓர் இறுதி ஊர்வலம். அதற்கு மதிப்பளித்து நிற்காமல் வண்டியை ஓட்டிச் சென்றனராம். சினந்த பாதிரியார், இவ்வணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோ மீண்டும் கிண்ணத்தைத் தொடாது என்று சாபமிட்டாராம். இதற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆயினும் இறுதியாட்டம் வரும்தோறும் செய்தித்தாள்கள் இக்கதையை எடுத்துத் தூசி தட்டுவது வழக்கமாயிற்று.

ரசிகர் இதை நம்புகிறாரா? கேட்டால் சிரிப்பார். ஆனால் முற்றிலும் கைவிடவும் மாட்டார். அதில் ஒரு வசதி இருக்கிறது. சாபம் என்று ஒன்று இருக்குமானால் எவரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தெருப் பையன் பந்தைத் தவறவிட்டதற்கு அவன் காரணமில்லை. கோல் காவலரை மாற்றியவர் காரணமில்லை. ஆத்திரத்தில் பாய்ந்தவர் காரணமில்லை. இறந்துபோன பாதிரியார் ஒருவரே காரணம். அன்புள்ளவர் செய்யும் ஏற்பாடுதான் இது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பது ஒரு வகை. இங்கோ, நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்காகச் சுற்றி நிற்பவர்கள் கூடம் கோணல் என்கின்றனர்.

ஆனால் அந்த அன்பு அணிக்கு நன்மை செய்ததா என்பது ஐயமே. சாபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மேயோவின் தோல்விகளில் வடிவம் ஒன்று தெரிகிறது. இறுதியாட்டங்களின் தொடக்கத்தில் அணி விழிப்பதற்கு முன்பே கோல் வாங்கியது ஒருமுறை அன்று. தற்காப்பிலும் நடுத்திடலிலும் ஓடிக் களைக்காத வீரர் நிறைந்திருந்தனர்; வலைக்கு அருகே கிடைத்த வாய்ப்பைக் கோலாக மாற்றுவோர் குறைவு. கில்லியன் ஓ’கானர் என்னும் ஒருவரின் காலையே அணி பல ஆண்டுகள் நம்பியிருந்தது. அவர் சாதாரணமானவர் அல்லர். 2020 அரையிறுதியில் டிப்பரேரி அணிக்கு எதிராகத் தனி ஒருவராய் 4-9 எடுத்தவர். ஆயினும் ஒருவர் காலை எழுபது நிமிடமும் நம்பியிருப்பதில் உள்ள இடர், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தில் தெரிந்தது. எதிரே நின்ற டப்ளினோ மேயோவைப் போலப் பத்து மடங்கு மக்கள்தொகை உடையது. களைத்தவருக்குப் பதிலாக இறங்க அதனிடம் ஆள் இருந்தது. இவை திருத்தத்தக்கவையும் எதிர்கொள்ளத்தக்கவையுமான காரணங்கள். சாபத்தைத் திருத்த இயலாது. பிழையைத் திருத்தலாம். ஆனால் பிழை என்றால் பிழைசெய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே! அங்கேதான் ரசிகரின் நா தயங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேயோ கிண்ணம் வென்றதே இல்லை என்னும் புலம்பலில் ஒரு மறதி உண்டு. மேயோ மகளிர் அணி 1999, 2000, 2002, 2003 ஆகிய நான்கு ஆண்டுகளில் அகில அயர்லாந்து வெற்றி பெற்றது. சாபத்தைப் பற்றி எழுதிய பத்திகளின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கேனும் அப்பெண்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயம். வென்றவரை மறந்துவிட்டுத் தோற்றவரையே நினைந்து உருகும் இயல்பு ரசிகர் கூட்டத்திற்கு உண்டு. அது அழகான இயல்பு என்று சொல்வதற்கில்லை.

2020ஆம் ஆண்டு இறுதியாட்டம் கொரோனாத் தொற்றின் காரணமாக டிசம்பர் மாதம் ஆளற்ற அரங்கத்தில் நடந்தது. வைக்கோற் பொதிகளுக்குப் பச்சையும் சிவப்பும் பூசி, சாலையெங்கும் கொடி கட்டி, சீட்டுக்காகக் கழகச் செயலாளரை நாள்தோறும் நச்சரித்து, கூட்டம் கூட்டமாக டப்ளினுக்குச் சென்று பழகியவர்கள் அன்று வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர். ஆட்டம் தொடங்கிப் பதினைந்து வினாடி நிறைவதற்குள் டப்ளின் ஒரு கோல் அடித்தது. வழக்கமாக அந்த அடியை ஆயிரக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்வர். பக்கத்தில் இருப்பவர் டப்ளின்காரராகவே இருந்தாலும், இருதரப்பாரும் கலந்து அமரும் அந்த அரங்கில், ஏதேனும் ஆறுதல் சொல்வார். அன்று ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணத்தை வைத்திருந்த அதே டப்ளினை மேயோ அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் வீழ்த்திற்று. இனித் தடை ஏது? செப்டம்பர் 11ஆம் நாள் இறுதியாட்டம், எதிரே டைரோன். பெனால்டி ஒன்று கிடைத்தது, தவறியது. டைரோன் இரண்டு கோல் அடித்தது. 2-14க்கு 0-15. முன்னாண்டைப் போலவே ஐந்து புள்ளி இடைவெளி. பெனால்டியைத் தவறவிட்டவர் இளைஞர். அவர் பெயரைச் சொல்லி அன்று மாலையில் எத்தனை வீடுகளில் என்னென்ன சொல்லப்பட்டிருக்கும்! மறுநாள் அவரை வழியில் கண்டவர்கள் மழையைப் பற்றியே பேசியிருப்பர்.

அதே செப்டம்பர் மாதம் முடிவதற்குள், 1951 அணியில் எஞ்சியிருந்த கடைசி வீரரான பேடி பிரெண்டர்காஸ்ட் காலமானார். கதைப்படி சாபமும் அவரோடு முடிந்திருக்க வேண்டும். கிண்ணத்தை வென்ற கைகளுள் கடைசிக் கை மறைந்ததற்கு வருந்துவதா, தடை நீங்கியது என்று உள்ளூர மகிழ்வதா? அப்படி மகிழ்வதற்கு வெட்கப்பட்டவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த நாள் முதல் மேயோ ரசிகரிடம் ஒரு பொருள் குறைந்துபோனது. இனித் தோற்றால் பாதிரியார் மேல் பழிபோட வழியில்லை.

தோல்விகளோ நிற்கவில்லை. 2022இலும் 2023இலும் காலிறுதியோடு சரி. 2023இல் வசந்தகால லீக் கிண்ணத்தை வென்றிருந்தும் அவ்வாறே. 2024இல் காசல்பாரிலேயே, சொந்தத் திடலில், டெரி அணியிடம் பெனால்டி உதைகளில் தோற்று வெளியேறினர். 2025இல் தொடக்கக் குழு ஆட்டத்தில் கேவன் அணியிடம் சொந்த மண்ணில் தோல்வி. கடைசிக் குழு ஆட்டத்தில் டோனிகாலுடன் சமனாக நின்றிருந்தபோது, ஆட்டம் முடியும் நொடியில் விழுந்த ஒரு புள்ளி அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது பேச்சின் குரலே மாறிவிட்டது. முன்பெல்லாம் “ஏன் வெல்லவில்லை?” என்பது கேள்வி. இப்போது “இறுதிக்காவது எப்போது போவோம்?” என்கின்றனர். சிறுவர் பயிற்சி எப்படி நடக்கிறது, ஊரைவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர் எத்தனை பேர், ஆறே பிள்ளைகள் உள்ள பள்ளியில் அணி எப்படிச் சேரும் என்றெல்லாம் பேச்சு நீள்கிறது. சாபத்தைப் பற்றிப் பேசிய காலத்தில் இவற்றைப் பேசியவர் குறைவு. பேச்சு கசப்பாக இருந்தாலும் அதில் வேலை செய்யத்தக்க செய்தி இருக்கிறது. 2025இல் அணியின் மேலாளர் பொறுப்பை ஏற்றவர் ஆண்டி மோரன். அந்தக் கம்பத்தில் பட்ட பந்தையும் கழன்று பறந்த கருவியையும் கண்ட அணியில் ஆடியவர்.

குளிர்காலம் முடியுமுன்னரே லீக் ஆட்டங்கள் தொடங்கிவிடும். காசல்பார் மெக்ஹேல் பார்க் திடலில் கடற்காற்றோடு மழை சாய்ந்து பெய்யும். இனிப் போவதில்லை என்று சென்ற ஆண்டு வீட்டார் அனைவர் முன்னிலையிலும் உறுதி கூறிய ரசிகர், மழைச்சட்டையை எங்கே வைத்தாய் என்று மனைவியைக் கேட்பார். அவர் தேடாமலே எடுத்துக் கொடுப்பார். அது வாயிற்படியின் ஆணியிலேயே தொங்கிக் கொண்டிருக்கும். போகும் வழியில், முன்வரிசைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம், இடக்காலால் உதைப்பானாம், இன்னாருடைய பேரனாம் என்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லிக்கொண்டே நடப்பார்.